கழுத்திலுள்ள கேடயம்



நம் ஒவ்வொருவர் கழுத்திலும், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை இருபுறமும் தழுவிக்கொண்டு, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்து அமர்ந்தாற்போன்ற சுரப்பி ஒன்று இருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். தைராய்டு என்பது அதன் பெயர். கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயர் பிறந்தது. 1656-ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்னும் லண்டன் மருத்துவர் இதனைச் சூட்டினார். கீழ்த்தாடையில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒரு நாளம் உண்டென்றும், அதன் வழியே உமிழ்நீர் வாய்க்கு வருகிறதென்றும் விளக்கியவரும் அவரே. ஆனால் தைராய்டில் எவ்வளவு தேடியும் அவருக்கு நாளம் அகப்படவில்லை. சுரப்பி என்றால் சுரந்தது வெளியே வர வழி வேண்டுமன்றோ? வழியே இல்லாத சுரப்பிக்கு வேலை என்ன? குரல்வளைக்கு வெம்மையூட்டவும், கழுத்துக்கு, அதிலும் பெண்களின் கழுத்துக்கு, உருட்சியான அழகு தரவும் அது அமைந்தது போலும் என்று எழுதி, அவர் அடுத்த உறுப்புக்குச் சென்றுவிட்டார்.

அவரை எண்ணி நாம் நகைக்க வேண்டுவதில்லை. சுரந்ததை நேரே இரத்தத்தில் கலக்கும் நாளமில்லாச் சுரப்பிகள் உண்டு என்ற எண்ணமே அப்போது பிறக்கவில்லை. இரத்தத்தின் வழியே சென்று தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் பொருளுக்கு ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் என்பார் வழங்கியதே 1905-ஆம் ஆண்டில்தான். வார்ட்டனுக்கும் ஸ்டார்லிங்குக்கும் இடையே ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் தைராய்டின் தொழில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதையே இன்று கூற எண்ணுகிறேன். சுகமாயிற்று என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளின் உடல்களே அதனை முதலில் வெளிப்படுத்தின. அதனால் இவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியப்பைவிட வருத்தமே மேலிடுவதுண்டு.

ஸ்விட்சர்லாந்து நாட்டைப் பனிமலைகளின் அழகுக்காக எல்லோரும் புகழ்வர். ஆனால் சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்த மலைப் பள்ளத்தாக்குகளுக்கு மற்றொரு பெயரும் இருந்தது: அது கழலை நாடு. ஊருக்கு ஊர் கழுத்துக் கழலை உடையோர் மிகுந்திருந்தனர். தைராய்டுச் சுரப்பி வீங்கி எலுமிச்சை அளவிலும், தேங்காய் அளவிலும், சிலருக்கு மார்புவரை தொங்கும் அளவிலும் வளர்ந்திருந்தது. இதனினும் கொடியது வேறொன்று. அக் கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சில வளராமலே நின்றன. உயரம் குறைந்து, நாக்குத் தடித்து, பலருக்குக் காதும் கேளாமல், அறிவு மலராமல் காலம் கழித்தன. இவர்களைக் குறிக்க வழங்கிய ‘கிரெட்டின்’ என்னும் சொல் பின்னர் வசையாகிவிட்டமையால் நாம் அதைக் கையாளுவதில்லை.

கழலை பெருத்து மூச்சுக்குழலை நெரித்தால் உயிருக்கே ஆபத்து. அறுத்து எடுப்பதோ அதனினும் ஆபத்து. தைராய்டைப்போல் இரத்தக் குழாய்கள் நெருங்கிய உறுப்பு உடலில் அரிது. கத்தி பட்ட மாத்திரத்தில் இரத்தம் பெருகும். அறுவைக்கு உட்பட்ட பத்துப் பேரில் நால்வர்கூட மாண்டதுண்டு. கண்ணியமான மருத்துவர் இதில் கை வைக்கலாகாது என்று பெரியோர் எச்சரித்து வந்தனர்.

இந்த நிலையில் 1872-ஆம் ஆண்டில் பெர்ன் நகரப் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக அமர்ந்தார் தியோடர் கோஹர். அப்போது அவருக்கு வயது 31. அவர் கைக்கு வேகம் இல்லை, பொறுமை இருந்தது. ஒவ்வொரு இரத்தக் குழாயையும் இனங்கண்டு, இடுக்கியால் பற்றி, கட்டிய பின்னரே அடுத்த அடி எடுத்து வைப்பார். நச்சுக் கிருமிகளை ஒழிக்க லிஸ்டர் வகுத்த முறைகளையும் வழுவாது கடைப்பிடித்தார். நாளடைவில் கழலை அறுவையால் மாண்டோர் தொகை அவர் கையில் குறைந்துகொண்டே வந்தது. இறுதிக் காலத்தில் அது நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது. 1917-ல் அவர் மறைவதற்குள் செய்த தைராய்டு அறுவைகள் ஐயாயிரத்துக்கும் மேல் என்பர்.

இத்தகைய கையில்தான் அந்தத் தவறு நேர்ந்தது. அவர் திறமையற்றவராயிருந்தால் அது நேர்ந்திராது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

1874-ஆம் ஆண்டில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழலையை அவர் அகற்றினார். சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்டது. காயம் நன்கு ஆறிற்று. சிறுமி வீடு திரும்பினாள். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. இருவரையும் காண்போர் இரட்டையரோ என்று மயங்கும் அளவுக்கு உருவம் ஒத்திருந்தது. சிகிச்சைக்குப் பின் அக்காளின் இயல்பு மாறிவிட்டது, துடிப்பாயிருந்தவள் மந்தமாகிவிட்டாள் என்று, அவளை அனுப்பிவைத்த ஊர் மருத்துவர் தெரிவித்தார். அச் செய்தியின் பொருள் அன்று எவருக்கும் விளங்கவில்லை. ஆண்டுகள் சென்றன. தங்கை வளர்ந்து மங்கையானாள். அக்காளோ முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சுத் தளர்ந்து, குள்ளமாகவே நின்றுவிட்டாள். சகோதரிகள் இருவரும் அருகருகே நிற்கும் புகைப்படத்தைக் கோஹர் பின்னர்த் தம் கட்டுரையிலேயே வெளியிட்டார். உடலியல் வரலாற்றில் நான் கண்ட படங்களுள் என் மனத்தைவிட்டு அகலாதது அதுவே.

1882-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெனீவா நகரில் ஒரு மாநாடு கூடிற்று. அங்கே ரெவெர்டான் என்னும் ஜெனீவா அறுவை மருத்துவர் கோஹரைச் சந்தித்து, தைராய்டு முழுவதும் எடுக்கப்பட்ட தம் நோயாளிகள் சிலர் சில மாதங்களில் வெளுத்து, வீங்கி, சோர்ந்து போகின்றனர் என்று கூறினார். கோஹருக்கு அந்தச் சிறுமியின் நினைவு வந்திருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் தம்மிடம் அறுவை செய்துகொண்டவர்களை மீண்டும் வருமாறு அழைத்தார். சுரப்பி முழுதும் இழந்தவர்களுள் 18 பேரை அவரால் சோதிக்க முடிந்தது. அவர்களில் 16 பேர் அந்தச் சிறுமியின் நிலையிலேயே, சிலர் கடுமையாகவும் சிலர் இலேசாகவும், இருந்தனர். எஞ்சிய இருவரிடம் சுரப்பியின் துணுக்கு எஞ்சி, மீண்டும் வளர்ந்திருந்தது. சுரப்பியில் ஒரு பகுதியை மட்டும் இழந்தவர்களோ நலமாயிருந்தனர்.

1883-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லின் நகரில் கூடிய அறுவை மருத்துவர் பேரவையின் முன் கோஹர் இதனை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். தீங்கற்ற கழலைக்காகத் தைராய்டை முழுதும் அகற்றுவது இனிக் கூடாது என்றும் அறிவித்தார். புகழின் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவர், தம் வெற்றிகளே நோயாளிகளுக்குக் கேடாயின என்று சக மருத்துவர் நிறைந்த அவையில் சொல்வது எளிதன்று. முதலில் கண்டது யார் என்பது குறித்து அவருக்கும் ரெவெர்டானுக்கும் பிணக்கு எழுந்தது. ரெவெர்டானுக்கு உரிய பங்கைக் கோஹர் நிறைவாக வழங்கவில்லை என்றே நான் கருதுகிறேன். நோய்க்கு அவர் கூறிய காரணமும் பிழையானது. மூச்சுக்குழல் மெலிந்து, காற்றுப் போதாமையால் இக்கேடு விளைந்தது என்று அவர் எண்ணினார். எனினும் அவர் தந்த கணக்கு உண்மையானது. 1909-ல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை.

திறமையின்மை நோயாளிகளைக் காத்திருக்கும் என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? வியன்னாவில் பில்ரோத் என்னும் புகழ்மிக்க மருத்துவரும் அதே காலத்தில் இவ்வறுவையைச் செய்து வந்தார். அவரோ விரைவுக் கையர். தைராய்டின் துணுக்குகளை அங்கங்கே விட்டுவிடுவார். ஆனால் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும், அரிசி மணிபோன்ற நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் தப்பாமல் கத்தியில் அகப்பட்டுவிடும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பவை அவை. ஆதலால் அவருடைய நோயாளிகளுக்குக் கைகால் இசிவு கண்டது. உடல் வீக்கமும் மந்தமும் வரவில்லை. கோஹரோ பின்புறத்தைச் சேதப்படுத்தாமல் தைராய்டைத் துளியும் மிச்சமின்றி எடுத்தார். இருவர் பணியையும் நேரிற் கண்ட ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர் பிற்காலத்தில் இந்த வேறுபாட்டைச் சுட்டிக் காட்டினார். இரண்டு கைகளின் பழக்கம் இரண்டு சுரப்பிகளின் தொழிலைப் பிரித்துக் காட்டிவிட்டது.

இனி நாம் லண்டனுக்குச் செல்ல வேண்டும். அங்கே கல் என்பவர் 1873-லும் ஆர்டு என்பவர் 1878-லும் ஒரு நோயை வருணித்திருந்தனர். நடுவயதுப் பெண்கள் பலருக்கு, கத்தியே படாமல், முகம் ஊதித் தோல் வறண்டு, குரல் கரகரத்து, குளிர் தாங்காமல், நினைவு மங்கி வந்தது. மிக்ஸிடீமா என்று அதற்குப் பெயரிட்டனர். கோஹரின் அறிக்கையைப் படித்த செமன் என்னும் தொண்டை மருத்துவர், 1883 நவம்பரில் லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றில் எழுந்து, இந்தப் பெண்களும், கோஹரின் நோயாளிகளும், ஆல்ப்ஸ் மலையின் வளராக் குழந்தைகளும் ஒரே குறையால் வாடுகின்றனர். தைராய்டு இல்லாமையே அக்குறை என்றார். அவையில் பலர் நகைத்தனர். ஆயினும் ஆராய்வதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐந்தாண்டு உழைத்து, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்து, குரங்குகளின் தைராய்டை அகற்றிப் பார்த்த சோதனைகளையும் சேர்த்து, 1888-ல் அக்குழு தந்த முடிவு: செமன் சொன்னதே சரி.

குறை தெரிந்துவிட்டது, ஈடு செய்வது எப்படி? நியூகாசில் நகரில் மர்ரே என்னும் 26 வயது மருத்துவர் ஓர் எளிய வழியை நினைத்தார். அப்போதுதான் அறுத்த செம்மறியாட்டின் தைராய்டை நறுக்கி, கிளிசரினில் ஊறவைத்து, துணியில் பிழிந்து சாறு எடுத்தார். 1891-ஆம் ஆண்டில், மிக்ஸிடீமாவால் வாடிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அதனை ஊசியால் செலுத்தினார். சில வாரங்களில் முகவீக்கம் வடிந்தது, பேச்சுத் தெளிந்தது. அந்த அம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-ல் தம் 74-ஆம் வயதில் காலமானார். அவருக்காகப் பயன்பட்ட ஆடுகள் 870-க்கு மேல் என்று மர்ரே கணக்கு வைத்திருந்தார். அடுத்த ஆண்டே ஊசியும் தேவையில்லை, வாய்வழி உண்டாலே போதும் என்று கண்டனர். ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு சுவையானது: ஆட்டுத் தைராய்டில் பாதியை இலேசாக வறுத்துக் கொத்தி, பழப்பாகுடன் வாரம் ஒருமுறை உண்க! ஒரு சுரப்பியின் சரக்கை அயலுடலிலிருந்து எடுத்து ஊட்டி நோய் தீர்த்த மருத்துவம் இங்கேதான் உறுதியாகக் காலூன்றியது. இன்சுலின் வருவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

அச்சாற்றில் இருந்தது என்ன? 1895-ல் ஃப்ரைபர்க் நகர வேதியியலார் பௌமன், தைராய்டில் அயோடின் இருப்பதைக் கண்டார். அவரே முதலில் நம்பவில்லை. உடலின் எந்த உறுப்பிலும் எவரும் எதிர்பாராத பொருள் அது. 1811-ல் பிரான்ஸ் நாட்டில் குர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவியாக அதனைக் கண்டிருந்தார்; 1820-ல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகவும் கொடுத்துப் பார்த்தார். அளவு தெரியாமல் அருந்தியவர்களுக்குப் படபடப்பும் மெலிவும் கண்டதால் அது கைவிடப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுக்குப் பின் அதே பொருள் சுரப்பிக்குள்ளேயே அகப்பட்டது. அமெரிக்காவில் கெண்டால் என்பவர் 1914 டிசம்பர் 25-ஆம் நாள், விடுமுறை நாளும் பாராமல் ஆய்வுக்கூடத்தில் இருந்து, அந்த ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தார். அதுவே தைராக்ஸின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர்.

இப்போது ஆல்ப்ஸ் மலைக்குத் திரும்புவோம். உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு விரைவாக எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதைத் தைராக்ஸின் நிருணயிக்கிறது. இதயத்தின் துடிப்பு, உடலின் சூடு, எலும்பின் வளர்ச்சி, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை ஆகிய அனைத்தும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. மூளையின் அடியில் பயறளவில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, இரத்தத்தில் தைராக்ஸின் குறையும்போது தைராய்டைத் தூண்டும் வேறொரு ஹார்மோனை அனுப்புகிறது, மிகும்போது நிறுத்திக்கொள்கிறது. உணவில் அயோடின் இல்லையெனில் தைராக்ஸின் உருவாகாது. தூண்டுதலோ ஓயாமல் வந்துகொண்டிருக்கும். நூல் வராத தறிக்கூடத்தில், துணி குறைகிறதென்று முதலாளி தறிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எப்படியிருக்கும்? கூடம் பெருக்கும், துணி வராது. கழலை என்பது அதுதான். கோஹர் அறுத்தெடுத்த கழலைகளுட் பல, இல்லாத பொருளைத் தேடிப் பெருத்த சுரப்பிகளே.

மலைநாட்டில் அயோடின் ஏன் இல்லை? பனியாறுகளும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மேல்மண்ணை அரித்து, அயோடினைக் கடலுக்குக் கொண்டு சேர்த்துவிட்டன. அம்மண்ணில் விளைந்த தானியத்திலும், அதை மேய்ந்த பசுவின் பாலிலும் அயோடின் இல்லை. தேவையோ மிகச் சிறிது: நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழும் ஒருவருக்கு ஆயுள் முழுதும் வேண்டுவது 4 கிராமுக்கும் குறைவு; ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் 1917 முதல் மரின், கிம்பால் என்னும் இருவர் பள்ளி மாணவியரிடையே இதனைச் சோதித்தனர். அயோடின் உப்பு உண்ட 2,190 பேரில் 5 பேருக்கே கழலை கண்டது. உண்ணாத 2,305 பேரில் 495 பேருக்குக் கண்டது. 1922-ல் ஸ்விட்சர்லாந்தின் ஒரு மாநிலத்தில், ஹெரிசாவ் நகர அறுவை மருத்துவர் எக்கன்பெர்கரின் முயற்சியால் சமையலுப்பில் அயோடின் கலந்து விற்கலாயினர். நாளடைவில் கழலை நாடு என்ற பெயர் மறைந்தது.

நம் நாட்டில் ஆல்ப்ஸ் மலையின் இடத்தில் இமயம் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கிட் பகுதியில் கழலையை ஆராய்ந்த மக்காரிசன், அசுத்த நீரே காரணம் என்று கருதி, அந்நீரின் வண்டலைத் தாமே அருந்திச் சோதித்தார்! பிற்காலத்தில் நீலகிரிக் குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நடத்திப் புகழ்பெற்றவர் அவர். இங்கே வழி தவறினார், துணிவில் குறைவில்லை. 1956-ல் இமயத்தின் அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் இராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் உப்பு. ஒன்றுக்கு வெறும் உப்பு. 1962-ல் கணக்கெடுத்தபோது முதல் இரண்டில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது, மூன்றாவதில் குறையவில்லை. அதன்பின் மூன்றாம் வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அதுவரை வெறும் உப்பு உண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளைப் பற்றி நான் எண்ணாமலிருக்க முடியவில்லை. ஆயினும் அந்த ஒப்பீடு இல்லையேல் ஒரு தேசத்தின் உப்பை மாற்றச் சான்று இருந்திராது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்கலாகாது என்னும் தடை, இடையில் ஒருமுறை நீக்கப்பட்டு, 2006-ல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

வகுப்பில் மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார்: “ஐயா, அயோடின் கடலுக்குத்தானே போயிற்று? தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீரிலிருந்து விளையும் உப்பில் அது இராதா?” நல்ல வினா. கடல்நீரிலுள்ள அயோடினின் அளவு மிகச் சிறிது. உப்பு படிகமாகும்போது அது படிகத்தில் சேர்வதும் இல்லை. ஆதலால் கடலோர உப்பிலும் தனியே கலக்கத்தான் வேண்டும். கழலை மலைநாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று என்பதையும் நம் சமவெளி மாவட்டங்களில் நடந்த கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன.

சுரப்பி மிகுதியாகச் சுரப்பதும் நோயே. டப்ளின் நகரத்துக் கிரேவ்ஸ் 1835-ல் அதனை வருணித்தார். நெஞ்சு படபடத்து, உடல் மெலிந்து, கண்கள் பிதுங்கி நிற்கும். அதன் வரலாறு நீண்டது. வேறொரு நாள் பேசலாம்.

அயோடின் இருந்தும் சில குழந்தைகள் தைராய்டே இல்லாமலோ, குறைவளர்ச்சியுற்ற தைராய்டுடனோ பிறக்கின்றன. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று. கருவில் தாயின் ஹார்மோன் ஓரளவு காத்துவிடுவதால் பிறந்த அன்று பார்த்தால் குறை தெரியாது. தெரியும் வரையில் காத்திருந்தால் மூளைக்கு நேர்ந்த சேதத்தை மீட்க முடியாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டுஸோ என்னும் மருத்துவர், குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி ஹார்மோனை அளக்கும் முறையைக் கண்டு, 1974-ல் மாநிலம் முழுதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று பல நாடுகளில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இச்சோதனை நடக்கிறது. நம் நாட்டில் சில மாநிலங்களிலும் சில மருத்துவமனைகளிலும் நடக்கிறது, எல்லா இடங்களிலும் இல்லை. குறை கண்டுபிடிக்கப்பட்டால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். மருந்து தைராக்ஸின் மாத்திரைதான். உடலெடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் வீதம் கணக்கிட்டு, தாய் அதனைப் பொடித்துத் தன் பாலில் சிறிது கலந்து, நாள்தோறும் காலையில் ஊட்டுகிறாள்.